மறுப்பையும் சேர்த்தே எழுதுங்கள்

இரண்டு நாளாக அன்செல்ம் நினைவாகவே இருக்கிறது. பிரான்சின் நார்மண்டியில், பெக் என்ற கிறிஸ்தவ மடத்துத் துறவி. கடவுள் இருக்கிறார் என்பதை ஒரே வாதத்தில் காட்ட முடியுமா என்று யோசித்து யோசித்து, சாப்பாடு தூக்கம் எல்லாம் போனது. சாத்தானின் சோதனையோ என்றுகூடப் பயந்தார். ஒரு நாள் இரவு ஜெபத்தில் பிடி கிடைத்தது: எதைவிடப் பெரியதை நினைக்கவே முடியாதோ, அதுதான் கடவுள்; அது மனதில் மட்டும் இருக்க முடியாது, நிஜத்திலும் இருப்பது அதைவிடப் பெரியதாகிவிடுமே.

மெழுகுப் பலகையில் எழுதினார், காணாமல் போனது. மறுபடி எழுதினார், உடைந்து தரையில் சிதறிக் கிடந்தது. துண்டுகளைப் பொறுக்கிச் சேர்த்து, அப்புறம் பதப்படுத்திய தோலில் எழுதச் சொன்னார். 1078 வாக்கில். அந்த நூலுக்கு முதலில் வைத்த தலைப்பு, 'புரிதலைத் தேடும் விசுவாசம்'. நம்பியதால்தான் அவ்வளவு யோசித்தார்!

கௌனிலோ என்ற இன்னொரு துறவி மறுத்தார். எல்லாவற்றிலும் சிறந்த தீவு ஒன்றை நினைத்துவிட்டால், அது கடலில் இருந்தாக வேண்டுமா என்று கேட்டார். சரியான கேள்வி. நானும் கௌனிலோ பக்கம்தான். ஆனால் அன்செல்ம் செய்ததைப் படித்தபோது கண் கலங்கிவிட்டது. பதில் எழுதிவிட்டு, இனி என் நூலைப் படியெடுப்பவர்கள் அந்த மறுப்பையும் சேர்த்தே எழுதுங்கள் என்று கேட்டுக்கொண்டார்.