ஓசிஐ அண்ணனுக்கு ஏற்காடு காபி தோட்டத்துல பட்டா வாங்கின அனுபவம்

அண்ணன் சிங்கப்பூர் சிட்டிசன் ஆகி ஓசிஐ கார்டு (இந்திய வம்சாவளி வெளிநாட்டு குடிமக்களுக்கு இந்திய அரசு குடுக்கற அட்டை) வச்சிருக்காரு. அப்பா போன பிறகு ஏற்காடு தோட்டத்துல அவர் பங்கை அவர் பேருக்கு ஏத்தணும், பக்கத்துல விலைக்கு வந்த ரெண்டு ஏக்கரையும் சேத்து வாங்கிடணும்னு ஆசைப்பட்டாரு. ரெண்டும் ஒரே வேலைதானேன்னு எல்லாரும் சொன்னாங்க, கிடையவே கிடையாதுங்க.

புரோக்கர் "ஓசிஐன்னா இந்தியன் மாதிரியேதான் சார், சேலத்துல பிளாட் வாங்கறாங்கல்ல"ன்னு அடிச்சு விட்டாரு. பிளாட், வீடு வாங்கலாம், அது உண்மை. ஆனா ஃபெமாங்கற அந்நியச் செலாவணி சட்டத்துக்கு கீழ வந்த 2019 விதிப்படி விவசாய நிலம், தோட்டம், பண்ணை வீடு மூணையும் என்ஆர்ஐ (வெளிநாட்டுல வசிக்கற இந்திய குடிமக்கள்), ஓசிஐ யாரும் விலைக்கு வாங்க முடியாது, சொந்தக்காரங்க தானமா எழுதி வைக்கவும் கூடாது, வாரிசு உரிமைல வந்தா மட்டும் வச்சுக்கலாம். அப்பா இருக்கும்போதே அண்ணனுக்கு தான செட்டில்மெண்ட் எழுதிடலாம்னு பேச்சு ஓடுச்சு, எங்க ஆடிட்டர்தான் தடுத்து உயில் எழுத வச்சாரு, அவருக்கு கோடி புண்ணியம்.

புரோக்கர் விடல, "தம்பி பேர்ல வாங்குங்க, உள்ளுக்குள்ள அண்ணன் இடம்னு ஒரு தாள் எழுதிக்கலாம்"னாரு. அது பினாமி. மாட்டினா ஒண்ணுல இருந்து ஏழு வருஷம் வரைக்கும் ஜெயில், நிலமும் போயிடும். அந்த ரெண்டு ஏக்கரை அத்தோட விட்டுட்டோம்.

பங்கு விஷயத்துக்கு அண்ணன் அங்க இந்திய ஹைகமிஷன்ல அட்டெஸ்ட் பண்ணி பவர் அனுப்பினாரு. வெளிநாட்டுல எழுதின பவர் இங்க வந்து சேந்த மூணு மாசத்துக்குள்ள ஸ்டாம்ப் டூட்டி கட்டிடணும், இதை மறந்துடாதீங்க. பட்டா மாறுதலுக்கு போனா ஆபீஸ்ல இருந்தவர் ஓசிஐ கார்டை முன்னும் பின்னும் திருப்பி பாத்துட்டு "வெளிநாட்டுக்காரர் பேர்ல நிலம் ஏறாதுங்க"ன்னு ஃபைலை தள்ளிட்டாரு. அந்த 2019 விதிகள்ல இதை சொல்ற விதி 24ஐ பிரிண்ட் எடுத்து, வாரிசு உரிமைன்னு வர்ற வரியை மஞ்சள் மார்க்கர்ல அடிச்சு மேலதிகாரி கையிலயே குடுத்தேன், நின்னுட்டே படிச்சாரு, படிச்சு முடிச்சதும் ஃபைல் நகர ஆரம்பிச்சது.

ஒண்ணுதான் மனசு ஆறல. 2015 நவம்பர்ல இருந்து காபி, ரப்பர், ஏலக்காய் தோட்டத்துக்கெல்லாம் நூறு சதவீத வெளிநாட்டு முதலீடு ஆட்டோமேட்டிக் ரூட்ல, அதாவது மத்திய அரசு முன் அனுமதி இல்லாமலே வரலாம், நிலத்தோட பயன்பாட்டை மாத்தறதா இருந்தாதான் மாநில அரசு கிட்ட முன் அனுமதி வாங்கணும். காபி பழம் பறிச்சு வளந்த எங்க அண்ணனால ஒரு சென்ட் வாங்க முடியாது. கட்டுப்பாடே வேணாம்னு நான் சொல்லல, டாலரோட போட்டி போட்டு மலைவாழ் ஜனங்களால நிலத்தை காப்பாத்த முடியாது. ஆனா தனி ஆளுக்கு இவ்வளவு கெடுபிடின்னா கம்பெனிக்கும் அதே கண்காணிப்பு இருக்கணும்ல?

இப்போ பட்டால ரெண்டு பேர் பேரும் இருக்கு. மிளகு, காபி வித்த காசுல அவர் பங்கு, வெளிநாட்டுல இருக்கறவங்க இந்திய வருமானத்தை போட்டு வைக்கற என்ஆர்ஓ அக்கவுண்ட்டுக்கு போகுது. பின்னாடி வித்தா இந்தியால குடியிருக்கறவருக்குத்தான் விக்கணும், பணத்தை நிதியாண்டுக்கு 10 லட்சம் டாலர் வரைக்கும் ஆடிட்டர் சர்டிபிகேட்டோட வெளியே அனுப்பலாம்.