பெட்டிக்குள் ‘த்தல்’ வந்தால் புள்ளி போச்சு: தேவைச் சேகரிப்புக்கு டபிள்யூ.பீ.எஸ் எழுதும் விதம்

மென்பொருள் திட்டம் பற்றிய பரீட்சையின் பெறுபேறு வந்துவிட்டது. இரண்டாம் தடவையில் பாஸ். முதல் தடவைக்கும் இதற்கும் இடையில் நான் மாற்றியது ஒன்றே ஒன்றுதான், அதனால் அதை முதலில் சொல்லிவிடுகிறேன். சினாரியோ ஒன்றைத் தந்து ‘தேவைச் சேகரிப்புக் கட்டத்துக்கு டபிள்யூ.பீ.எஸ் தயாரிக்க’ என்று கேட்டால் (டபிள்யூ.பீ.எஸ் என்றால் வேலைப் பிரிப்புக் கட்டமைப்பு, திட்டத்தின் வேலையைப் பெட்டி பெட்டியாகப் பிரித்துக் காட்டும் மரம்), பெட்டிக்குள் வேலையை எழுதாதீர்கள். வேலை முடிந்த பிறகு கையில் என்ன மிஞ்சும், அதை எழுதுங்கள்.

‘பெயர்ச்சொல்லாக எழுத வேண்டும்’ என்று எல்லா நோட்டிலும் இருக்கிறதே என்பீர்கள். அங்கேதான் தமிழில் யோசிக்கிற நமக்குக் குழி. ‘நேர்காணல் நடத்துதல்’, ‘தேவைகளைப் பகுத்தல்’, ‘ஆவணப்படுத்தல்’ எல்லாம் இலக்கணப்படி பெயர்ச்சொல்தான், தொழிற்பெயர். ஆனால் உள்ளே உட்கார்ந்திருப்பது வினை. இங்கிலிஷ் மீடியத்தில் எழுதுகிறவர்களுக்கு ‘இங்’ (-ing) இதே வேலையைச் செய்யும். சோதிக்க ஒரு வழி: பெட்டியில் எழுதியதோடு ‘நாளைக்குக் கொண்டு வா’ என்று சேர்த்துச் சொல்லிப் பாருங்கள். ‘நேர்காணல் குறிப்புகளை நாளைக்குக் கொண்டு வா’ பொருந்தும். ‘நேர்காணல் நடத்துதலை நாளைக்குக் கொண்டு வா’ என்று எந்த ஊரிலும் சொல்லமாட்டார்கள்.

காரணம் வெறும் மொழிச் சுத்தம் இல்லை. ஆறு பேரோடு பேசி முடித்தாலும் ஒரு வரி எழுதாமல் இருக்கலாம். ‘நடத்துதல்’ பெட்டிக்கு நூறு வீதம் போட்டுவிடலாம், கையில் ஒன்றும் இருக்காது. பொருள் என்றால் வந்ததா இல்லையா என்று பார்க்கலாம், ஏற்கலாம், திருப்பி அனுப்பலாம். செயல்களின் பட்டியல் இதற்கு அடுத்த படி. எந்தச் செயலுக்குப் பின் எது என்று காட்டும் வலைப்பின்னல் வரைபடம் அதற்கும் பிறகு.

அடுத்த பிழை இரண்டாம் மட்டத்தில். உயர்தர ஐசிடியில் நேர்காணல், வினாக்கொத்து, அவதானிப்பு, ஆவண ஆய்வு, மூலவகைமாதிரி என்று மனப்பாடம் செய்தது கையில் ஊறிக் கிடக்கும். அவற்றையே இரண்டாம் மட்டமாகப் போட்டால் மரம் பார்க்க அழகாகத்தான் இருக்கும். எஸ்.ஆர்.எஸ் (மென்பொருள் தேவைகளை விவரிக்கும் ஆவணம்) எழுதும் மணித்தியாலம் எங்கே? முரண்பாடு தீர்த்த பதிவு எங்கே? கையொப்பம் எங்கே? நூறு வீத விதி, அதாவது தாய்ப் பெட்டியின் வேலை முழுவதும் அதன் பிள்ளைப் பெட்டிகளுக்குள் அடங்கவேண்டும் என்ற விதி, அங்கேயே உடைந்துவிட்டது. முறைகள் எல்லாம் சேர்ந்து ஒரே கிளை, அவ்வளவுதான்.

பேப்பரில் வரும் சினாரியோ பெரும்பாலும் நூலகம், ஹோட்டல், ஆஸ்பத்திரி. நம் பக்கத்துப் பிள்ளைகள் பயிற்சிக்குத் தெரிந்த இடத்தை எடுப்பது நல்லது. தேயிலைத் தோட்டத்துக் கொழுந்து நிறுவையையும் செக்ரோலையும் (தொழிலாளரின் வேலை நாள், சம்பளப் பதிவேடு) கணினிமயமாக்கும் திட்டம் என்று வைத்துக்கொள்வோம்:

1.1 சேகரிப்புத் திட்டம் – 12 மணி
1.2 மூலப் பதிவுகள் – 44
1.3 பகுப்பாய்வு ஆவணங்கள் – 40
1.4 எஸ்.ஆர்.எஸ் – 36
1.5 ஏற்புப் பதிவுகள் – 28
1.6 முகாமைத்துவப் பதிவுகள் – 16

மொத்தம் 176. கடைசிக் கிளையைப் பலர் விடுகிறார்கள். கூட்டக் குறிப்பும் வாராந்த நிலை அறிக்கையும் நேரம் தின்னாமல் வருவதில்லை. நூறு வீதம் என்றால் அதுவும் சேர்த்துத்தான்.

1.2ஐ மட்டும் விரித்துக் காட்டுகிறேன், இங்கேதான் மணித்தியாலம் பொய்யாகும்.

1.2.1 நேர்காணல் குறிப்புகள். துரை (தோட்ட முகாமையாளர்), பெரிய கிளாக்கர், கணக்கப்பிள்ளை (வேலை மேற்பார்ப்பவர்), டீமேக்கர் (ஃபெக்டரிப் பொறுப்பாளர்), தோட்டத் தலைவர் (தொழிற்சங்கத் தலைவர்), கொழுந்தெடுப்பவர் ஒருவர்: ஆறு பேர். ஆளுக்கு 45 நிமிடம், ஆக 4.5 மணி என்று எழுதி மாட்டிக்கொள்ளாதீர்கள். கேள்வி தயாரிக்க ஆளுக்கு அரை மணி, அது 3. பேசியதை எழுத ஆளுக்கு ஒன்றரை மணி, அது 9. கூட்டினால் 16.5. பேசும் நேரத்தைப் போல் இரண்டு மடங்கு எழுதும் நேரம் போகும்.

1.2.2 அவதானிப்பு அறிக்கை. காலை, பகல், அந்தி என மூன்று நிறுவை எடுக்கும் தோட்டம் என்றால் மூன்றையும் மடுவத்தில் (கொழுந்து நிறுக்கும் கொட்டகை) நின்று பார்க்கவேண்டும். ஒரு வெயில் நாள், ஒரு மழை நாள். ஈரத்துக்கும் சாக்குக்கும் கழிக்கும் கிலோ மழை நாளில்தான் தகராறாகும். நாளுக்கு 6 மணி, எழுத 6, ஆக 18.

1.2.3 ஆவண மாதிரித் தொகுப்பு. நிறுவைத் துண்டு, செக்ரோல் பக்கம், சம்பளச் சீட்டு, ஃபெக்டரிக்குப் போகும் கொழுந்துக் கணக்கு. பெயர், அடையாள அட்டை இலக்கம் மறைத்த பிரதிகள். 9.5.

16.5, 18, 9.5: கூட்டினால் 44. பிள்ளைப் பெட்டிகளின் கூட்டுத்தொகையும் தாய்ப் பெட்டியின் தொகையும் ஒன்றாக இருக்கவேண்டும். மார்க்கிங் செய்கிறவர் முதலில் கூட்டிப் பார்ப்பது இதைத்தான் என்று நினைத்துக்கொண்டு எழுதுங்கள்.

1.3க்குள் நான்கு பொருள்: இப்போதைய செயன்முறை வரைபடம், பயன்பாட்டு நிலைகள் (யூஸ் கேஸ்), சொற்பட்டியலோடு தரவு அகராதி, முரண்பாட்டுப் பட்டியல். கடைசி இரண்டையும் யாரும் போடுவதில்லை. ‘பேர்’ என்ற ஒரு சொல்லை எடுங்கள். தோட்டத்தில் ‘இன்றைக்குப் பேர் விழுந்ததா’ என்றால் ஒரு நாள் சம்பளம் பதிவானதா என்று அர்த்தம். குறித்த கிலோ வராவிட்டால் ‘அரைப்பேர்’. கொழும்பில் இருந்து புரோகிராம் எழுதுகிறவர் அதை ஆளின் பெயர் என்று எடுத்து எழுத்துப் புலம் போட்டுவைப்பார். அங்கே வேண்டியது 0, 0.5, 1 என்ற எண். சொற்பட்டியலுக்கு மரத்தில் இடம் இல்லாவிட்டால் இந்தப் பிழை சோதனைக் கட்டம் வரை தூங்கும். முரண்பாட்டுப் பட்டியலும் இப்படித்தான். சாக்குக்கு எவ்வளவு கழிவு என்று கணக்கப்பிள்ளை சொல்வதும் கொழுந்தெடுப்பவர் சொல்வதும் ஒன்றாக இராது. இரண்டையும் எழுதி, யார் தீர்த்தார், எந்தத் திகதி என்று பதிந்தால் அது ஒரு பொருள், மணித்தியாலம் பெறும்.

1.4இல் தொழிற்பாட்டுத் தேவைகள் ஒரு பெட்டி, தொழிற்பாடு சாராத் தேவைகள் ஒரு பெட்டி. இரண்டாவதில் ‘வேகம், பாதுகாப்பு’ என்று பொத்தாம் பொதுவாக எழுதாமல் சினாரியோவில் இருந்து எடுங்கள்: மலையில் சிக்னல் இல்லாத இடத்திலும் நிறுவை பதிவாகி, பிறகு மடுவத்தில் வந்து சேரவேண்டும், திரை மூன்று மொழியிலும் வேண்டும், தொழிலாளர் விவரம் 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டத்துக்கு அமைய இருக்கவேண்டும்.

1.5இல் திரை மாதிரி, மீளாய்வுக் குறிப்பு, தேவைத் தடமறி அட்டவணை (ஒவ்வொரு தேவையும் எங்கிருந்து வந்தது, எங்கே போகிறது என்று காட்டுவது), கையொப்பமிட்ட எஸ்.ஆர்.எஸ். ‘கையொப்பமிட்ட’ என்ற அடைமொழியை விடாதீர்கள். 1.4இல் உள்ளது வரைவு, இங்கே உள்ளது ஏற்றது. அடைமொழி இல்லாவிட்டால் ஒரே பொருளை இரண்டு தரம் எண்ணியதாகிவிடும்.

எங்கே பிரிப்பதை நிறுத்துவது? 8/80 விதி: கடைசி மட்டப் பொதி (மேலும் பிரிக்காத பெட்டி) 8 மணிக்குக் குறையாமலும் 80ஐத் தாண்டாமலும். இது வழிகாட்டி மட்டும்தான். 1.5.4 கையொப்பம் 2 மணியில் முடியும். அதை வேறொன்றுக்குள் ஒளித்தால் ஏற்பு எங்கே நடந்தது என்று தெரியாது, நான் தனியாகவே விட்டேன். எல்லாக் கிளையும் ஒரே ஆழத்துக்கு இறங்கவேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. இன்னும் தெளிவில்லாத பகுதியைப் பிரிக்காமல் திட்டமிடல் பொதி என்று குறித்துவைத்தால் போதும்.

சில்லறையாகப் புள்ளி போகும் இடங்கள்:

- பெட்டிகளுக்கு இடையில் அம்புக்குறி. எது முன், எது பின் என்பது கால அட்டவணைக்குரியது.
- பெட்டிக்குள் ஆளின் பெயர். அது யார் எதற்குப் பொறுப்பு என்று காட்டும் அட்டவணைக்குரியது.
- ஒரு தாய்க்கு ஒரே பிள்ளை. அது பிரிப்பே இல்லை.
- ‘மற்றவை’ என்ற பெட்டி.
- கோடிங், டெஸ்டிங் கிளைகள். கேட்டது ஒரு கட்டம் மட்டும்.
- இலக்கம் போடாத மரம். டபிள்யூ.பீ.எஸ் அகராதியோடு (ஒவ்வொரு பொதிக்கும் எழுதும் விவரக்குறிப்பு) கோர்க்க முடியாது.

மரமாக வரைவதா, உள்தள்ளிய பட்டியலாக எழுதுவதா? எனக்குக் கோடு நேராக வராது, இடையில் ஒரு பெட்டியை மறந்தால் படம் முழுவதும் போச்சு. அதனால் பட்டியல்தான் எழுதினேன். கேள்வியில் ‘வரைக’ என்று இருந்தால் மட்டும் மேல் இரண்டு மட்டத்தைப் பெட்டியாக வரைந்து, கீழே பட்டியல். கை ஓடுகிறவர்கள் முழுவதும் வரையலாம்.

கடைசிப் பத்து நிமிடம் மிஞ்சினால் புதுப் பெட்டி தேடவேண்டாம். ஒரே ஒரு பொதிக்கு டபிள்யூ.பீ.எஸ் அகராதி எழுதுங்கள். இப்படி:

இலக்கம்: 1.2.1. பொருள்: ஆறு நேர்காணல் குறிப்புகள். ஏற்பு நிபந்தனை: ஒவ்வொன்றும் பேசியவரிடம் வாசித்துக்காட்டித் திருத்தப்பட்டது. பொறுப்பு: வணிகப் பகுப்பாய்வாளர். மணி: 16.5. எடுகோள்: பெரட்டு (காலையில் ஆள் கணக்கெடுத்து வேலை பிரிப்பது) நேரத்தில் யாரும் பேசமாட்டார்கள், கொழுந்தெடுப்பவர் கிடைப்பது அந்தி நிறுவைக்குப் பிறகு. அடங்காதவை: ஊழியர் சேமலாப நிதி (ஊழியர் 8 வீதம், தொழில்தருநர் 12 வீதம்), ஊழியர் நம்பிக்கை நிதி 3 வீதம் ஆகியவற்றின் கணிப்பு விதிகள், அவை சம்பளத் தொகுதியின் எஸ்.ஆர்.எஸ்ஸில் வரும்.