காணிக் கணக்கும் கோபுரத்துக் குரங்கும்

பணி ஓய்வு பெற்றவருக்கு வாரத்தில் எல்லா நாளும் ஞாயிற்றுக்கிழமைதான் என்று சொல்பவர்கள் பெரும்பாலும் இன்னும் வேலையில் இருப்பவர்கள். எங்கள் வீட்டில் செவ்வாய் உழவர் சந்தை, புதன் வெளியூர், வியாழன் நூலகம், சனி மாடித் தோட்டம் என்று ஒவ்வொரு கிழமைக்கும் ஒரு வேலை ஒட்டிக்கொண்டிருக்கிறது. கருவூலத்தில் பட்டியல்களைச் சரிபார்த்துக்கொண்டிருந்த காலத்தில் மாதக் கடைசியையும் மார்ச் 31-ஐயும் தவிர எந்த நாளும் எனக்குத் தனியாகத் தெரிந்ததில்லை.

இவற்றில் புதன்கிழமைக்காகத்தான் நான் காத்திருப்பேன். ஓய்வு பெற்ற தலைமையாசிரியர் ஒருவரும் நானும் அன்று புதுக்கோட்டையைச் சுற்றியுள்ள ஏதாவதோர் ஊருக்குப் பேருந்தில் போய்க் கல்வெட்டு படித்துவிட்டு வருவோம். இந்தப் பொழுதுபோக்குக்கு எங்கள் மாவட்டத்தைப் போல வாய்ப்பான இடம் குறைவு. சமஸ்தானம் இருந்தபோதே இங்குள்ள கல்வெட்டுகளைப் படியெடுத்து, அவற்றின் மூல வாசகங்களை 1929-ல் நூலாக அச்சிட்டுவிட்டார்கள். அந்த நூலின் பக்கங்களை நகலெடுத்துக்கொண்டு போய், அச்சிலுள்ள வரியைக் கோயில் சுவரில் தேடிப் பிடிப்பதுதான் எங்கள் முறை. காலை வெயில் சுவரில் சாய்வாக விழும் நேரத்தில் எழுத்தின் பள்ளத்தில் நிழல் தங்கும். அதைவிட நல்ல கருவி வேறில்லை. எழுத்துத் தெரிய வேண்டும் என்று சுவரில் மாவைப் பூசுகிறவர்களைக் கண்டால் எனக்குக் கோபம் வரும். திருப்பணி என்ற பெயரில் மணல் வீச்சால் சுவரைச் சுத்தம் செய்து எழுத்தையே தேய்த்துவிட்ட இடங்களைப் பற்றிப் பேசாமலிருப்பதே இரத்த அழுத்தத்துக்கு நல்லது.

சென்ற புதன்கிழமை குடுமியான்மலைக்குப் போனோம். புதுக்கோட்டையிலிருந்து சுமார் 20 கிலோமீட்டர் தொலைவிலுள்ள அந்த ஊருக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் குடைவரைக் கோயிலை ஒட்டிய பாறையிலுள்ள இசைக் கல்வெட்டைப் பார்க்கத்தான் வருகிறார்கள். பல்லவ கிரந்த எழுத்தில், ஏழு பிரிவுகளாகச் சுர வரிசைகளைப் பொறித்திருக்கிறார்கள். உருத்திராசாரியாரின் மாணவனாகிய ஓர் அரசன் இதைச் செய்வித்ததாக அதன் முடிவுரை சொல்கிறது. அந்த அரசன் பல்லவ மன்னன் மகேந்திரவர்மன்தானா என்ற சண்டை இன்னும் ஓயவில்லை. சங்கீத ஞானமுள்ள என் நண்பர் பாறையின் முன் நின்று ஒரு வரியை மெல்லப் பாடிப் பார்க்க முயன்றதில் பள்ளிப் பிள்ளைகள் நாலைந்து பேர் கூடிவிட்டார்கள்.

எனக்கு அந்த ஞானம் கிடையாது. நான் நேராகச் சிகாநாதசுவாமி கோயில் சுவருக்குப் போய்விட்டேன், அங்கே நில விற்பனையும் கொடையும் இருப்பதால். பழைய கல்வெட்டில் மெய்யெழுத்துக்குப் பெரும்பாலும் புள்ளி இராது, எகர ஏகார வேறுபாடு இராது, சொல்லுக்கும் சொல்லுக்கும் இடைவெளியும் இராது. ஆனால் கணக்கு மட்டும் பிசகாது. ஒரு வேலி நிலத்தை இருபது கூறாக்கினால் ஒரு மா, மாவை நான்காக்கினால் காணி, காணியை இன்னும் நான்காக்கினால் முந்திரி, அதாவது 1/320. எல்லைகளை நான்கு திசையிலும் சொல்லி, விலையைச் சொல்லி, இறையை, அதாவது நில வரியை, யார் கட்டுவது என்று சொல்லி, கடைசியில் விற்றவர்களும் ஊர்க்கணக்கனும் ‘இவை என்னெழுத்து’ என்று ஒப்பமிடுகிற ஆவணங்களைப் படிக்கும்போது, இப்படி ஒழுங்காக எழுதப்பட்ட பட்டியல்கள் என் மேசைக்கு வந்திருந்தால் எத்தனை மாலைகளில் நேரத்தோடு வீட்டுக்குப் போயிருக்கலாம் என்றுதான் தோன்றுகிறது.

‘மா முக்காணி’ என்று நான் படித்ததை அச்சில் சரிபார்க்கத் திரும்பினால், திண்ணையில் வைத்திருந்த நெகிழி உறையைக் காணவில்லை. அதைத் தின்பண்டம் என்று நினைத்த குரங்கொன்று கோபுரத்தின் இரண்டாம் நிலையில் உட்கார்ந்து, ஒவ்வொரு தாளாக உருவி முகர்ந்து பார்த்துக் கீழே எறிந்துகொண்டிருந்தது. பாண்டியர் காலத்துப் பக்கங்கள் இரண்டை மட்டும் ஏனோ அது எறியவில்லை. புளியோதரைப் பொட்டலம் இருந்த பையை அது தொடவே இல்லை என்பதில் நண்பருக்குப் பெரிய ஆறுதல்.

அது போதாதென்று, திரும்பும்போது என் இடது செருப்பின் வார் அறுந்துவிட்டது. உச்சிவெயிலில் கல்லும் தாரும் கால் வைக்க முடியாதபடி காய்ந்துகிடந்தன. ஒற்றைக் காலில் தத்தி வந்த என்னைப் பார்த்துப் பூக்கடை அம்மா, “அய்யா, இப்படி உக்காருங்க, நாரு வச்சுக் கட்டித் தாரேன்” என்று வாழைநாரைத் தண்ணீரில் நனைத்து, மூன்று இழையாக முறுக்கி, செருப்பின் துளையில் கோத்து முடிச்சுப் போட்டுக் கொடுத்தார். காசு வாங்க மறுத்ததால் நாலு முழம் மல்லிகை வாங்கிக்கொண்டேன். நார் வீடு வரை தாங்கியது. “வெயில்ல விழுந்து கிடந்தா யாரு தூக்கிட்டு வர்றது?” என்று தொடங்கிய என் மனைவி பூவைப் பார்த்ததும் பாதியில் நிறுத்திக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை இதைவிடச் சிறிய காரியமும் நடக்கவில்லை. ஓய்வூதியத்துக்கான வாழ்நாள் சான்றைப் பதிவு செய்யப் போன இடத்தில் என் கைவிரலை இயந்திரம் ஏற்க மறுத்தது. வயது ஏற ஏறத் தோல் வறண்டு விரல் ரேகை மங்கிவிடுகிறது என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான். “தாத்தா, தலையில தடவிட்டு வைங்க” என்று அங்கிருந்த பெண் சொன்னார். தடவ எண்ணெயும் இல்லை, முடியும் இல்லை. பத்து விரலும் தோற்ற பிறகு, முகத்தைக் காட்டியே பதியும் வசதி 2021 நவம்பரிலிருந்தே இருக்கிறதே என்று மகள் தொலைபேசியில் சொல்லி, மாலையில் வந்து தன் கைபேசியிலேயே முடித்துக்கொடுத்தாள். கண்ணைச் சிமிட்டுங்கள் என்று கைபேசி கேட்டது, சிமிட்டினேன், உயிரோடு இருப்பதாக ஒத்துக்கொண்டது.

வரும் புதன்கிழமை நார்த்தாமலை. சாத்தன் பூதி கட்டி, மழையில் இடிந்து, மல்லன் விடுமன் புதுப்பித்த விஜயாலய சோழீச்சரம் கோயிலின் கல்வெட்டைப் பார்க்கப் பாறையில் ஏற வேண்டும் என்பதால் புதுச் செருப்பு வாங்கியாயிற்று. தொலைந்த பக்கங்களை வியாழக்கிழமைதான் நகலெடுக்க முடியும். நார்த்தாமலைக்கான தாள்களை எவர்சில்வர் டிபன் டப்பாவுக்குள் போட்டு மூடி எடுத்துவருவதாகத் தலைமையாசிரியர் சொல்லியிருக்கிறார். அப்படியானால் புளியோதரையை எதில் கொண்டுவருவார் என்று இன்னும் கேட்கவில்லை.