சூட்டில் மட்டும் முரண்டு பிடிக்கும் டீசல் கார்: இதுவரை பார்த்ததும் அளந்ததும்

வண்டி 2013 மாடல், 1.3 லிட்டர் டீசல், காமன் ரெயில் (எல்லா சிலிண்டருக்கும் பொதுவான ஒரே குழாயில், அதாவது ரெயிலில், டீசலை அழுத்தி வைத்திருக்கும் வகை). ஒரு லட்சத்துப் பத்தாயிரம் கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேலே ஓடியிருப்பதாக மீட்டர் சொல்கிறது. நம்புவதும் நம்பாததும் அவரவர் இஷ்டம். நான் இரண்டாவது ஓனர். காலையில் சாவியைத் திருப்பினால் உடனே எடுத்துவிடும். தொந்தரவெல்லாம் சூட்டில்தான். கோவையிலிருந்து மேட்டுப்பாளையம் ரோட்டில் அரை மணி நேரம் ஓட்டி, காரமடையில் டீக்கு நிறுத்தி, பத்துப் பதினைந்து நிமிடம் கழித்து வந்து செல்ஃப் அடித்தால் சுற்றிக்கொண்டே இருக்கும், பிடிக்காது. ஏழெட்டு வினாடி இழுத்து, விட்டு, மறுபடி இழுத்தால் எடுக்கும். அதே வண்டி மதியம் வரை நிழலில் நின்றால் ஒரே இழுப்பில் எடுத்துவிடும். எடுத்த பிறகு இழுவையில் குறை இல்லை, கரும்புகை இல்லை, மைலேஜும் 18க்குக் குறையவில்லை.

செகண்ட் ஹேண்டில் டீசல் பார்க்கிறவர்கள் இதைக் குறித்துக்கொள்ளுங்கள். 2020 ஏப்ரலில் பிஎஸ்-6 என்ற புகை விதி வந்ததோடு சின்ன டீசல் கார்கள் பலவும் நின்றுபோயின. அதனால் சந்தையில் இருப்பதெல்லாம் வயதான வண்டிகள். விற்கிறவர் வீட்டு வாசலில் குளிர்ந்த வண்டியை ஸ்டார்ட் செய்து காட்டுவார். எல்லா வண்டியும் அப்போது நல்ல வண்டிதான். இருபது முப்பது நிமிடம் ஓட்டிவிட்டு அணைத்து, பத்து நிமிடம் பேச்சுக் கொடுத்துவிட்டு, அப்புறம் சாவியைத் திருப்பிப் பார்க்க வேண்டும்.

யோசனை சொல்ல ஆளுக்குக் குறைவில்லை. ஒருவர் ஹீட்டர் பிளக் என்றார், இன்னொருவர் பேட்டரி என்றார், மூன்றாமவர் டீசல் பம்ப் போய்விட்டது, அறுபதாயிரம் எடுத்து வை என்றார். பாதியை வண்டியைத் தொடாமலே கழித்துவிடலாம். ஹீட்டர் பிளக்கின் வேலை குளிர்ந்த சிலிண்டரைச் சூடாக்குவது. இன்ஜின் 80 டிகிரிக்கு மேல் இருக்கும்போது அதற்கு அங்கே வேலையே இல்லை. கம்ப்ரஷன், அதாவது சிலிண்டருக்குள் காற்றை அழுத்தும் திறன், குறைந்திருந்தால் முதலில் காட்டிக்கொடுப்பது குளிர்ந்த காலை நேரம்தான். டீசல் லைனில் காற்று இழுத்தாலும் அப்படியே: ராத்திரி முழுக்க நிற்கும்போது டீசல் டாங்குக்கு இறங்கி, காலையில்தான் மக்கர் செய்யும். ஃபில்டர் அடைத்திருந்தால் மேட்டில் மிதிக்கும்போது வண்டி தவிக்கும். என் வண்டி இதில் எதையும் செய்யவில்லை.

மிஞ்சியது நான்கு. சூடேறினால் செல்ஃப் மோட்டார் மெதுவாகச் சுற்றலாம். இன்ஜின் சுற்றுவதைக் கம்ப்யூட்டருக்குச் சொல்லும் கிராங்க் சென்சார் சூட்டில் செத்துப் பிழைக்கலாம். கூலன்ட் சென்சார் தப்பான சூட்டைச் சொல்லலாம். இல்லையென்றால் ரெயிலில் அழுத்தம் ஏறாமல் இருக்கலாம்.

இதற்கு ஸ்டீயரிங்குக்குக் கீழே இருக்கும், வண்டியின் கம்ப்யூட்டர் எண்களைப் படிக்க உதவும் ஓபிடி சாக்கெட்டில் மாட்டும் புளூடூத் அடாப்டரும், போனில் ஓர் ஆப்பும் போதும். ஆப்பில் எல்லா எண்ணையும் ஓடவிட்டால் ஒவ்வொன்றும் ஆடி அசைந்து புதுப்பிக்கும். செல்ஃப் அடிக்கிற அந்த ஓரிரு வினாடியில் நடப்பது கண்ணில் படாது. அதனால் மூன்றே மூன்று எண்ணை மட்டும் வைத்தேன்: ஆர்பிஎம், கூலன்ட் சூடு, ரெயில் அழுத்தம். அழுத்தத்தைப் பெரும்பாலான ஆப்கள் கிலோ பாஸ்கலில் காட்டும். அதை நூறால் வகுத்தால் ‘பார்’ என்ற அலகில் அழுத்தம் கிடைக்கும். 30,000 என்று பார்த்துப் பயப்பட வேண்டாம், அது 300 பார்தான்.

குளிர்ந்த நிலையில்: செல்ஃப் 240 ஆர்பிஎம் சுற்றுகிறது, ஒரு வினாடிக்குள் அழுத்தம் 280ஐத் தாண்டுகிறது, இன்ஜின் எடுத்துவிடுகிறது.

சூட்டில்: செல்ஃப் 230 சுற்றுகிறது. அதாவது மோட்டாரிலும் பேட்டரியிலும் குறை இல்லை. ஆர்பிஎம் எண் வருகிறது என்பதால் கிராங்க் சென்சாரும் உயிரோடு இருக்கிறது. அது செத்திருந்தால் இன்ஜின் சுற்றும்போதும் பூஜ்யமே நின்றிருக்கும். கூலன்ட் 86 டிகிரி, அதுவும் நியாயமான எண். ஆனால் ரெயில் அழுத்தம்? 70, 90, 110 என்று ஊர்ந்து, 120ல் தயங்கி நின்று, அப்புறம் மெல்ல 170, 180 என்று போகும்போதுதான் இன்ஜின் பிடிக்கிறது. பிடித்த மறுவினாடி 300க்குத் தாவிவிடுகிறது.

தம்பியைச் சைலன்சர் பக்கம் நிற்கச் சொல்லியிருந்தேன். செல்ஃப் அடித்துக்கொண்டிருக்கும்போதே அவன் குரல்: "புகையே வரலண்ணா, சும்மா காத்துதான் வருது." இது காசு செலவில்லாத நல்ல பரீட்சை. டீசல் உள்ளே போய் எரியாமல் இருந்தால் வெள்ளைப் புகை வந்தே தீரும். ஒன்றுமே வரவில்லை என்றால் டீசல் உள்ளே போகவே இல்லை. வண்டியின் கம்ப்யூட்டர் வேண்டுமென்றேதான் நிறுத்தி வைக்கிறது: ரெயிலில் குறிப்பிட்ட அழுத்தம் வரும்வரை, சிலிண்டருக்குள் டீசலைப் பீய்ச்சும் இன்ஜெக்டரைத் திறக்க அது உத்தரவு கொடுக்காது. அந்த எல்லை வண்டிக்கு வண்டி மாறும். பொதுவாக 200 பாரை ஒட்டி இருக்கும்.

சூட்டில் மட்டும் ஏன் ஏறவில்லை? பழைய டீசல்களில் பம்ப்பே ஒவ்வொரு நாஸிலுக்கும் (பீய்ச்சும் முனைக்கும்) முறை வைத்து டீசலைத் தள்ளும். காமன் ரெயிலில், கார்களில் 1997ல் ஆல்ஃபா ரோமியோ 156தான் முதலில் கொண்டுவந்தது, பம்ப்பின் வேலை ஒரு குழாயை நிரப்பி அழுத்தத்தில் வைத்திருப்பது மட்டும்தான். எப்போது, எவ்வளவு பீய்ச்சுவது என்பது இன்ஜெக்டர் தலையில் இருக்கும் சின்ன வால்வு கையில் இருக்கிறது. அந்த வால்வு திறக்கும்போது கொஞ்சம் டீசல், டாங்குக்குத் திரும்பும் ரிட்டர்ன் லைனில் போகும். அது முறையான கசிவு. வால்வு உட்காரும் இடம் தேய்ந்துவிட்டால் மூடியிருக்கும்போதும் கசியும். சூடான டீசல் நீர்த்துப்போவதால் இன்னும் வேகமாகக் கசியும். இன்ஜின் ஓடும்போது பம்ப் வேகமாகச் சுற்றி அந்த இழப்பை ஈடுகட்டிவிடுகிறது. செல்ஃப் சுற்றும் 230 ஆர்பிஎம்மில் அது முடியாது. ஓட்டைக் குடத்தைச் சொட்டும் குழாயடியில் வைத்த கதைதான்.

டாங்கில் டீசல் கால்வாசிக்குக் கீழே இருக்கும்போது தொல்லை கூடுவதன் காரணமும் அப்போதுதான் பிடிபட்டது. அழுத்தப்பட்டுச் சூடேறிய டீசல் ரிட்டர்னில் திரும்ப டாங்குக்கே போகிறது. டாங்கில் டீசல் குறைவாக இருந்தால் மொத்தமும் சீக்கிரம் சூடாகிவிடும்.

சரி, கசிவு எந்த இன்ஜெக்டரில்? அல்லது பம்ப்பேதான் சோர்ந்துவிட்டதா? ரெயிலில் அழுத்தம் ஏறவில்லை என்ற ஒன்றை வைத்து இதைச் சொல்ல முடியாது. பம்ப்பின் மேல் ஈரச்சாக்கு போட்டுக் குளிரவைத்து செல்ஃப் அடித்துப் பார்ப்பது பழைய கை மெக்கானிக்குகளின் வழி. உடனே எடுத்தால் பம்ப்தான் என்பார்கள். நானும் ஈரத்துணி போட்டுப் பார்த்தேன், எந்த மாற்றமும் இல்லை. ஆனால் அந்தத் தீர்ப்பை நான் பாதிதான் நம்புவேன். அந்த நேரத்தில் வேறு பாகங்களும் ஆறிக்கொண்டுதானே இருக்கின்றன. சூடான இன்ஜின் மேல் தண்ணீரை அப்படியே ஊற்றும் வேலை மட்டும் வேண்டாம்.

அடுத்தது ரிட்டர்ன் அளவு, அதாவது ஒவ்வொரு இன்ஜெக்டரும் எவ்வளவு டீசலைத் திருப்பி விடுகிறது என்று பார்ப்பது. மெடிக்கலில் 20 மில்லி சிரிஞ்ச் நான்கும், சலைன் ஏற்றும் டியூப் இரண்டு செட்டும் வாங்கினேன். யாருக்கு என்ன உடம்புக்கு என்று கடைக்காரர் விசாரித்தார். காருக்கு என்றதும் பில்லை நீட்டினார். சிரிஞ்சின் தள்ளுகட்டையை உருவி எறிந்துவிட்டு, முனையில் டியூபைச் சொருகி, நான்கையும் ஓர் அட்டையில் வரிசையாக நிற்கவைத்துக் கட்டினேன். இன்ஜெக்டர் தலையில் ரிட்டர்ன் பைப் மாட்டியிருக்கும் பிளாஸ்டிக் முனைகள் இத்தனை வருடச் சூட்டில் பொரிந்துபோயிருக்கும், தொட்டால் உடையும். முதலிலேயே புதிய முனைகள் ஒரு செட் வாங்கி வைத்துக்கொண்டு கழற்றுவது நல்லது. கழற்றிய ரிட்டர்ன் பைப்பின் வாயையும் அடைக்க வேண்டும்; பம்ப்பின் ரிட்டர்னும் அதோடு சேர்ந்திருந்தால் டீசல் இன்ஜின் மேலெல்லாம் பீய்ச்சும்.

இங்கே ஒரு எச்சரிக்கை. நாம் கழற்றுவது ரிட்டர்ன் பக்கத்து ரப்பர் பைப் மட்டும். ரெயிலிலிருந்து இன்ஜெக்டருக்கு வரும் இரும்புக் குழாயின் நட்டை இன்ஜின் ஓடும்போது தொடவே கூடாது. பழைய டீசல்களில் நட்டைத் தளர்த்திக் காற்று எடுத்துப் பழகியவர்கள் இதிலும் கை வைத்துவிடுவார்கள். இதில் அழுத்தம் 1,600 பார் வரை போகும். ஊசி போல வரும் பீற்றல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். வெளியே சின்னப் புள்ளிதான் தெரியும், ஆனால் விரலையே எடுக்கும்படி ஆகலாம். அதேபோல, ஏர் இன்லெட்டில் ஸ்டார்ட்டிங் ஸ்பிரே அடிக்கும் வேலையும் வேண்டாம். ஹீட்டர் பிளக் இருக்கும் இன்ஜினில் அது வெடிக்கக்கூடிய விஷயம்.

குளிர்ந்த நிலையில் இரண்டு நிமிடம் ஐடிலிங்கில் விட்டதில் முதல், இரண்டாவது, நான்காவது இன்ஜெக்டர்கள் 5 மில்லியை ஒட்டி வந்தன, மூன்றாவது 10. சந்தேகப்படலாம், தீர்ப்புச் சொல்ல முடியாது. ஒரு ரவுண்டு ஓட்டிச் சூடேற்றிவிட்டு அதே பரீட்சையைச் செய்தேன். மற்ற மூன்றும் 6, 7 என்று நிற்க, மூன்றாவது சிரிஞ்ச் நிரம்பி அட்டையில் வழிந்தது. அப்புறம் அணைத்து, சிரிஞ்சுகளைக் காலி செய்து, ஐந்து வினாடி செல்ஃப் மட்டும் அடித்துப் பார்த்ததில் மற்றவை அடியில் ஈரமானதோடு சரி. மூன்றாவதில் மட்டும் விரல்கடை உயரத்துக்கு டீசல் ஏறியிருந்தது. இதற்கு முன்னால் ஒரு ஒர்க்‌ஷாப்பில் இதே பரீட்சையை வண்டி ஆறிய பிறகு செய்துவிட்டு "எல்லாம் லிமிட்டில் இருக்கு" என்று அனுப்பினார்கள். நோய் வரும் சூட்டில் பார்க்காத பரீட்சைக்கு என்ன மதிப்பு?

அந்த அட்டையோடு கோவையில் ஒரு டீசல் பம்ப் கடைக்குப் போனேன். அங்கிருந்த பெரியவர் அட்டையைப் பார்த்துவிட்டு, "மூணாவதுதானுங்க, ஆனா பம்ப்பையும் ஒருக்கா கேட்டுப்போடலாம்" என்றார். இன்ஜினை அணைத்து, அழுத்தம் இறங்கும்வரை பொறுத்து, ரெயிலில் மூன்றாவது இன்ஜெக்டருக்குப் போகும் வாயை ஒரு டம்மி நட் போட்டு இறுக்கி அடைத்தார். அதாவது அந்த இன்ஜெக்டர் இனி கணக்கிலேயே இல்லை. சூட்டோடு செல்ஃப் அடித்தால் ஒரே வினாடியில் 260 பார்! மூன்று சிலிண்டரில் தடதடவென்று நடுங்கிக்கொண்டு இன்ஜின் எடுத்தது. பம்ப் நன்றாக இருக்கிறது என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்? அறுபதாயிரம் யோசனை அந்த இடத்திலேயே செத்தது.

இன்ஜெக்டரைக் கழற்றி டெஸ்ட் பெஞ்சில் மாட்டியபோது நாஸில் பீய்ச்சுவதில் குறை இல்லை. வால்வு உட்காரும் இடம்தான் தேய்ந்திருந்தது. புதுசுக்கு எனக்குச் சொன்ன விலை 14,000. வால்வு செட் மட்டும் மாற்றி, பெஞ்சில் அளந்து, அளவுத் தாளோடு தர 4,500. நான்கையும் சேர்த்துச் செய்துவிடலாமே என்று கடைப் பையன் கேட்டான். மற்ற மூன்றின் அளவும் சரியாக இருக்கும்போது எதற்கு? ஒன்றை மட்டும் செய்தேன். மாட்டும்போது கீழே போடும் செம்பு வாஷர் கட்டாயம் புதுசாக இருக்க வேண்டும், இன்ஜெக்டர் உட்காரும் குழியில் கரி இல்லாமல் சுரண்டித் துடைக்க வேண்டும். இதை விட்டால் கம்ப்ரஷன் மேலே கசிந்து தார் போலக் கரி கட்டிவிடும். புது இன்ஜெக்டர் போடுகிறவர்கள் அதன் தலையில் குறியீடு பொறித்திருந்தால் அதை ஸ்கேனரில் ஏற்றச் சொல்லிக் கேளுங்கள். விட்டால் ஐடிலிங் நடுங்கலாம்.

இப்போதைய நிலை: சூட்டில் அழுத்தம் ஒரு வினாடியில் 250ஐத் தொடுகிறது, இரண்டாவது வினாடிக்குள் இன்ஜின் எடுக்கிறது. குளிரில் எடுப்பதைவிட இன்னும் ஒரு சுற்று கூடத்தான். சூட்டில் மறுபடி அளந்தபோது இரண்டாவது இன்ஜெக்டர் 8 மில்லி காட்டுகிறது, மற்றவை 6. அதைக் கண்ணில் வைத்திருக்கிறேன். அடுத்த ஆயில் மாற்றும்போது திரும்ப அளப்பேன். டீசலோடு டூ-டி ஆயில் (டூ-ஸ்ட்ரோக் வண்டிகளுக்கு ஊற்றும் ஆயில்) ஊற்றச் சொல்லி இரண்டு பேர் சொன்னார்கள். தேய்ந்த வால்வை எந்த எண்ணெயும் வளர்த்துவிடாது என்பதால் அதைச் செய்யவில்லை. மே மாத வெயிலில், டாங்க் கால்வாசியில் இருக்கும்போது, காரமடை ஏற்பாட்டையே திரும்ப ஒருமுறை செய்து எண்களைக் குறிக்க வேண்டும். அதில் 200க்குக் கீழே தயங்கினால் அடுத்து கழற்றப்போவது இரண்டாவது இன்ஜெக்டர்.