நாளைக்கு 400

நைட் டூட்டி முடிச்சு வந்து படுத்தா தூக்கமே வரல. வாசல்ல மாமா போனை ஸ்பீக்கர்ல போட்டு யார்கிட்டயோ தண்ணி எங்க வருது எங்க வருதுன்னு கேட்டுட்டு இருக்காரு. செவ்வாக்கெழம மேட்டூர் தொறந்ததுலேந்து வீட்ல இதே பேச்சுதான், வழக்கமா ஜூன் 12 தான் தேதி, இந்த வருசம் மே 24-லயே தொறந்துட்டாங்க, சுதந்திரத்துக்கு அப்புறம் மே மாசத்துல தொறக்குறது இதான் மொத தடவைங்கறாங்க, தூர்வார்ற வேலை வேற இன்னும் சில எடத்துல முடியல, மாமாவுக்கு இருப்புக் கொள்ளல. முக்கொம்பு வந்து, கல்லணை வந்து, அங்கேந்து வெண்ணாத்துல திருப்பி விட்டு, நீடாமங்கலம் மூணாறு தலைப்புக்கு வந்தாத்தான் எங்களுக்குத் தண்ணி. அவரு அதுக்கு காத்துக் கெடக்காரு. நான் இன்னொண்ணுக்கு காத்துக் கெடக்கேன். நாளைக்கு விடியக்காலம் நம்ம ஊரு கணக்குக்கு, அமெரிக்கா ஆஸ்பத்திரி சீரியல் கிரேஸ் அனாட்டமியோட 400-வது எபிசோட்.

அத்தைகிட்ட சொன்னேன். "400 தானாம்மா? நான் பாக்குற சீரியல் எப்பவோ 500 தாண்டிடுச்சே"ன்னாங்க. அவங்க கேட்டதும் ஞாயந்தான். நம்ம சீரியல் வாரத்துல அஞ்சு நாள் ஆறு நாள் வருது, ஒன்றரை வருசத்துல 400 வந்துரும். அங்க வாரத்துக்கு ஒண்ணுதான், வருசம் முழுக்கவும் கெடையாது, நடுவுல மாசக்கணக்குல லீவு விட்டுருவாங்க, ஒரு சீசனுக்கு 20, 24 இப்படித்தான் வரும். 2005 மார்ச் 27-ல மொத எபிசோட். இப்ப 2022 மே 26. பதினேழு வருசம் ஆச்சு அத்தைன்னு சொன்னதும் அவங்க கைல இருந்த மொறத்த கீழ வச்சுட்டு "பதினேழு வருசமா ஒரே ஆஸ்பத்திரியா"ன்னு கேட்டாங்க. ஆஸ்பத்திரி ஒண்ணுதான், பேருதான் மாறிட்டே இருக்கு, சியாட்டில் கிரேஸ்னு ஆரம்பிச்சு இப்ப கிரே ஸ்லோன் மெமோரியல்.

அத்தைக்கு இங்கிலீஷ் தெரியாது, ஆனா என்கூட ஒக்காந்து பாத்து பாத்து ஆளுங்கள நல்லா தெரியும். மிராண்டா பெய்லிதான் அவங்களுக்கு "அதட்டுற டாக்டரம்மா", ரிச்சர்ட் வெபர் "பெரிய டாக்டர்". கதாநாயகி டாக்டர் மெரிடித்த மட்டும் பேர் சொல்லித்தான் சொல்லுவாங்க. மொத சீசன்லேந்து இன்னிக்கு வரைக்கும் தொடர்ந்து இருக்குறது இந்த மூணு பேருதான், மெரிடித்தா எலன் பாம்பியோ, பெய்லியா ஷாண்ட்ரா வில்சன், வெபரா ஜேம்ஸ் பிக்கன்ஸ் ஜூனியர். மத்தவங்கள்லாம் செத்துப் போனாங்க, ஊர விட்டுப் போனாங்க, இல்ல லெட்டர் எழுதி வச்சுட்டுப் போனாங்க.

நான் இத பாக்க ஆரம்பிச்சது தஞ்சாவூர்ல நர்சிங் படிக்கிறப்ப, 2008-ல. ஹாஸ்டல்ல ஒரு சீனியர் அக்காகிட்ட மட்டும் லேப்டாப் இருந்துச்சு, வார்டன் லைட்ட அமத்துனதுக்கு அப்புறம் ஒரே கட்டில்ல நாலு பேரு நெருக்கியடிச்சு ஒக்காந்து, சத்தத்த கொறச்சு வச்சுக்கிட்டு சப்டைட்டில் படிப்போம். நான் படிச்சது முழுக்க தமிழ் மீடியம். கிளாஸ்ல மேடம் இங்கிலீஷ்ல கேள்வி கேட்டா வயித்தக் கலக்கும். இந்த சப்டைட்டில்லதான் எனக்கு அந்த பாஷையே பழக்கமாச்சு, கேஸ் ஷீட்ட பாத்து டாக்டருக்கு எப்படி சுருக்கமா சொல்றது, பதட்டத்துலயும் மருந்து அளவ எப்படி தெளிவா சொல்றதுன்னு. தப்பும் கத்துக்கிட்டேன், அதயும் சொல்லணும். இதயத் துடிப்பு நின்னு மானிட்டர்ல கோடு ஃப்ளாட் லைன் ஆன பேஷன்ட்டுக்கு ஷாக் குடுக்கறத டிவில நெறைய காட்டுவாங்க, நெசத்துல அப்படிக் குடுக்க மாட்டோம், அதுக்கு நெஞ்ச அமுக்குற சிபிஆரும் அட்ரினலின் ஊசியும்தான். மொத வருசம் அத நான் கிளாஸ்ல ஒளறி நல்லா வாங்கிக் கட்டிக்கிட்டேன்.

அந்த நாலு பேர்ல ஒருத்தி வேதாரண்யம் பக்கத்துப் பொண்ணு. இப்ப அயர்லாந்துல நர்ஸ். சீரியல்ல மெரிடித்கூட வேலை பாக்குற டாக்டர் ஜார்ஜ் ஓ'மாலி பஸ்ல அடிபட்டு மொகமே அடையாளம் தெரியாம படுத்துருப்பானே, யாருன்னே தெரியாத பேஷன்ட்டுன்னு எல்லாரும் நெனச்சுட்டு இருக்கறப்ப மெரிடித் உள்ளங்கைல வெரலால அவனோட பட்டப்பேரான 007-அ எழுதுவான், அப்பதான் அது ஜார்ஜ்னு அவளுக்கே தெரியும். அத பாத்த ராத்திரி நாங்க நாலு பேரும் அழுத அழுகைல வார்டன் எந்திரிச்சு வந்து யார் வீட்ல என்னாச்சுன்னு கேட்டாங்க. எட்டு வருசம் கழிச்சு இல்ல, பத்து வருசம் கழிச்சுன்னு நெனைக்கிறேன், திருச்சி ஏர்போர்ட்ல உள்ள போறதுக்கு முன்னாடி அவ ஒண்ணுமே பேசாம என் கையப் புடிச்சு உள்ளங்கைல 007 போட்டா. அவங்க அம்மா அப்பாக்கு ஒண்ணும் புரியல. எனக்குப் புரிஞ்சுது.

அவளப் பத்தி சொன்னா கஜாவ சொல்லாம இருக்க முடியாது. 2018 நவம்பர் 15 ராத்திரி, விடிஞ்சா 16, அன்னிக்கு நான் டூட்டில இருந்தேன். காத்து அடிச்ச சத்தம் இப்பவும் காதுல இருக்கு, ரயில் நம்ம தலைக்கு மேல ஓடுற மாதிரி. ஜன்னல் கதவ பெட்ஷீட்டால கட்டி வச்சுட்டு பொறந்து ரெண்டு நாளான கொழந்தைங்களையும் தாயிங்களையும் நடுக் காரிடார்ல கொண்டு வந்து பாய் போட்டுப் படுக்க வச்சோம். அவ அப்ப லீவுல ஊர்ல இருந்தா. அஞ்சு நாள் போன் போகல. ஆறாவது நாள் ஒரு புது நம்பர்லேந்து கூப்பிட்டா, யாரோ ஜெனரேட்டர் வச்சு செல்லுக்கு சார்ஜ் போட்டுக் குடுக்குற எடத்துலேந்து, பின்னாடி எஞ்சின் சத்தம் தடதடன்னு கேக்குது. தென்னை ஒண்ணு கூட நிக்கலடி, அப்பா கொல்லப் பக்கமே போகாம திண்ணைலயே ஒக்காந்துருக்காருன்னு சொல்லி அழுதா. நான் என்ன சொல்றதுன்னு தெரியாம போனப் புடிச்சுட்டு நிக்கிறேன். கொஞ்ச நேரம் கழிச்சு மூக்க உறிஞ்சிட்டு "இந்த வாரம் மெரிடித் என்னாச்சு, சொல்லு"ன்னா.

எனக்கு சொல்லவே வாய் வரல. ஏன்னா அந்த வாரம் அங்கயும் புயக்காத்து! இட்டுக்கட்டி சொல்லல, அதே நவம்பர் 15 அமெரிக்காவுல ஒளிபரப்பான எபிசோட், சியாட்டில்ல பேய்க்காத்து அடிச்சு ஆஸ்பத்திரில கரென்ட் போயி எல்லாரும் லிஃப்டுல மாட்டிக்குவாங்க, ஒரு லிஃப்டுல மெரிடித்தும் டிலூக்காவும், இன்னொண்ணுல ஓவனும் அமீலியாவும் டெடியும். அங்கேயே நிறுத்திட்டு ஜனவரி வரைக்கும் லீவு விட்டுட்டாங்க. நான் தயங்கித் தயங்கி சொன்னேன். அவ கேட்டுட்டு "அங்கயும் கரென்ட் இல்லையா"ன்னா, அப்புறம் "எப்ப வருமாம்"னா. ஜனவரின்னேன். "அதுக்குள்ள எங்களுக்கு வந்துரும்"னா. அவ குரல்ல அன்னிக்குத்தான் கொஞ்சம் தெம்பு கேட்டுச்சு. நான் போன வச்சுட்டு டிரெஸ்ஸிங் ரூம்ல போய் ஒக்காந்து அழுதேன்.

சரி 400-க்கு வர்றேன். இவங்க நூறு நூறா வர்றப்பல்லாம் எதாவது பெருசா செய்வாங்க. 100-வது 2009 மே 7-ல, மெரிடித் டெரெக் கல்யாணம்னு எல்லாரும் காத்திருக்க கடைசில அந்தக் கல்யாணத்த இன்னொரு ஜோடி அலெக்ஸுக்கும் இஸ்ஸிக்கும் குடுத்துட்டாங்க. 300-வது 2017 நவம்பர் 9, ரோலர் கோஸ்டர் விபத்துல அடிபட்டு வர்றவங்க பாக்க பழைய டாக்டருங்க ஜார்ஜ் மாதிரியும் இஸ்ஸி மாதிரியும் கிறிஸ்டினா மாதிரியும் இருப்பாங்க, மெரிடித்துக்கு கதைல சர்ஜனுங்களுக்குக் குடுக்குற பெரிய அவார்டு, ஹார்ப்பர் ஏவரி, கெடைக்கும், விழாவுக்குப் போகாம ஆபரேஷன்ல நிப்பா, மேல கேலரில எல்லாரும் எந்திரிச்சு கை தட்டுவாங்க, அந்தக் கூட்டத்துல செத்துப் போன அவ அம்மாவும் நின்னு கை தட்டுவாங்க. அப்ப என் பொண்ணு வயித்துல ஏழு மாசம். அந்த சீனுக்கு நான் எந்திரிச்சு நின்னு கை தட்டினேன், அத்தை ஓடி வந்து வலி எடுத்துருச்சான்னு கேட்டாங்க.

நாளைக்கு சீசனோட கடைசி நாளுங்கறதால 399-ம் 400-ம் சேத்து ரெண்டு மணி நேரம் போடுறாங்க. முன்னாடி விட்டுப் போன ஜாக்ஸனும் ஏப்ரலும் திரும்ப வர்றாங்கன்னு ஏற்கனவே சொல்லிட்டாங்க, அவங்க ஜோடி ரசிகருங்க இந்த மாசம் பூரா தூங்கவே இல்ல. மெரிடித் புது வேலைக்கு மினசோட்டாவுக்குப் போயிருவாளா இல்ல சியாட்டில்லயே இருப்பாளான்னு ரெண்டு கட்சியா பிரிஞ்சு கெடக்குது. மெரிடித்தோட உயிர்த்தோழி கிறிஸ்டினா வரணும்னு இன்னமும் சில பேரு நம்பிட்டு இருக்காங்க, அவளா நடிச்ச சாண்ட்ரா ஓ திரும்ப வர்ற எண்ணம் இல்லன்னு எப்பவோ சொல்லிட்டாங்க, நான் அந்த ஆசைய விட்டுட்டேன்.

என்னை புடிச்சு ஒலுக்குனது வேற. எபிசோட் பேரே "யூ ஆர் தி ப்ளட்". கதைப்படி ஆஸ்பத்திரில ரத்தம் பத்தாக்குறை. ப்ரோமோல அத பாத்ததுலேந்து எனக்கு ஒரு மாதிரி இருக்கு. ஏன்னா எங்களுக்கு மே மாசம்னாலே அதுதான். காலேஜ் லீவு விட்டுருவாங்க, கேம்ப் நடக்காது, ரத்தம் குடுக்குற பசங்கள்லாம் ஊருக்குப் போயிருவாங்க. சேத்து வைக்கவும் முடியாது, சிவப்பணு 35 நாள், மிஞ்சிப் போனா 42, பிளேட்லெட் அஞ்சே நாள்தான் தாங்கும். போன வருசம் இதே மாசம் ஒரு ராத்திரி பிரசவம் ஆன பொண்ணுக்கு ரத்தம் நிக்கல, ஓ நெகட்டிவ், கைல இருந்த ஒரு பையும் ஏறிட்டு இருக்கு, புருசன்காரன் நடுங்கிக்கிட்டே யார் யாருக்கோ போன் போடுறான். ஒரு மணி நேரத்துல ஒரே பைக்ல மூணு பேரு வந்து எறங்குனாங்க, கிரிக்கெட் டீம் பசங்களாம், அதுல ஒருத்தன் சட்டைய மாத்திப் பொத்தான் போட்டுருக்கான், செருப்பு ரெண்டும் வேற வேற. தூக்கத்துலேந்து அப்படியே ஓடி வந்துருக்கான். அவனோடதுதான் சேந்துச்சு. அந்தப் பொண்ணு நாலாம் நாள் வீட்டுக்குப் போச்சு. சியாட்டில்ல இத எப்படி காட்டப் போறாங்கன்னு பாக்கணும், அந்த வேற வேற செருப்பு மாதிரி ஒண்ணு அவங்க கண்ணுல பட்டுருக்குமான்னு பாக்கணும். நீங்க பதினெட்டு வயசுக்கு மேல, 45 கிலோவுக்கு மேல, ஹீமோகுளோபின் 12.5 இருந்தா இந்த மாசம் பக்கத்து ரத்த வங்கில போய் குடுத்துட்டு வாங்க, ஆம்பளைங்க மூணு மாசத்துக்கு ஒரு தடவ, பொம்பளைங்க நாலு மாசத்துக்கு ஒரு தடவ குடுக்கலாம்.

எனக்கு இந்த சீரியல் மேல ஒரே ஒரு வருத்தம் உண்டு, நர்ஸுங்கள காட்டவே மாட்டாங்க. ரத்தம் எடுக்கறதும் டாக்டரு, ட்ராலி தள்றதும் டாக்டரு, ராத்திரி பூரா பேஷன்ட் பக்கத்துல ஒக்காந்துருக்கறதும் டாக்டரு. ரெண்டாவது சீசன்ல நர்ஸுங்க ஸ்ட்ரைக் பண்றதா ஒரு எபிசோட் வந்துச்சு, அத நாங்க ஹாஸ்டல்ல ரெண்டு தடவ ஓட்டிப் பாத்தோம்.

ஆனா ஒருத்தங்க இருக்காங்க. போக்கி. ஆபரேஷன் சீன் எதுலயாவது டாக்டர் கைய நீட்டுறப்ப கருவிய எடுத்துக் குடுக்குற ஸ்க்ரப் நர்ஸ், மாஸ்க்குக்கு மேல கண்ணு மட்டும்தான் தெரியும், ஒரு வார்த்தை பேசுறது அபூர்வம். அவங்க நடிகை இல்ல, நெசமாவே ஸ்க்ரப் நர்ஸ். மொத சீசன்லேந்து இருக்காங்க. ஹீரோ ஹீரோயின்லாம் வந்தாங்க போனாங்க, விமானம் விழுந்துச்சு, துப்பாக்கிச் சூடு நடந்துச்சு, கோவிட் வந்துச்சு, போக்கி அதே எடத்துல நின்னு கருவி எடுத்துக் குடுத்துட்டே இருக்காங்க. டாக்டர் கேக்கறதுக்கு அரை செகண்டு முன்னாடி கை போயிரும் பாருங்க, அத நடிச்செல்லாம் கொண்டு வர முடியாது. தியேட்டர் போஸ்டிங்ல எங்க சிஸ்டர் ஒருத்தங்களுக்கு அதே கை. சர்ஜன் கண்ண தூக்க மாட்டாரு, வாயத் தொறக்க மாட்டாரு, கிளாம்ப் அவரு உள்ளங்கைல சரியான பக்கமா வந்து டக்குனு ஒக்காரும். அந்த சத்தம் எனக்கு அவ்ளோ புடிக்கும். அவங்க ரிட்டையர்டு ஆன அன்னிக்கு ஒரு பொன்னாடை, ஒரு காபி, அவ்ளோதான் நடந்துச்சு. இன்னும் செஞ்சிருக்கணும், எனக்கு மனசே ஆறல.

அதனால யாரு திரும்பி வர்றாங்கறத விட நான் நாளைக்குத் தேடப் போறது போக்கியத்தான். 400-வது எபிசோட்ல ஒரு தடவையாவது கேமரா அந்த ரெண்டு கண்ணு மேல கொஞ்சம் நின்னா போதும் எனக்கு.

சிநேகிதிகிட்ட பேசிட்டேன். வெள்ளிக்கெழம அவளுக்கு டூட்டி, எனக்கும் நைட், அதனால சனிக்கெழம ராத்திரி நம்ம ஊரு ஒம்பது மணிக்கு வீடியோ கால்ல ஒண்ணு ரெண்டு மூணு சொல்லி ஒரே நேரத்துல ப்ளே பட்டன அமுக்கணும். அத்தை முறுக்கு சுடுறேன்னுருக்காங்க, அதட்டுற டாக்டரம்மாவுக்கு ஒண்ணும் ஆகாதுல்லன்னு காலைலேந்து மூணு தடவ கேட்டாச்சு. மாமா மட்டும் அதுக்குள்ள ஆத்துல தண்ணி வந்துருச்சுன்னா எல்லாரும் மொதல்ல பூ எடுத்துக்கிட்டு ஆத்தங்கரைக்குத்தான் வரணும், மத்ததெல்லாம் அப்புறம்னு சொல்லிட்டாரு. வர்றேன் மாமா, ஒம்பது மணிக்குள்ள திரும்பிடணும்னு சொல்லிருக்கேன்.

நாளைக்கே பாத்துடுறவங்களுக்கு ஒரு வேண்டுகோள், சனிக்கெழம ராத்திரி வரைக்கும் எனக்கு ஒண்ணும் சொல்லிடாதீங்க. மெரிடித் போனாளா இருந்தாளா, யாரு வந்தா, யாரு செத்தா, எதுவும் வேணாம். போக்கி வந்தாங்களான்னு மட்டும் சொல்லலாம். இல்ல, அதயும் சொல்லாதீங்க, நானே பாத்துக்குறேன்.