பிச்சாட்டூர் தொறந்தாச்சா?

ரெண்டு வருஷம் சென்னைக்கு வடக்க ஆரணியாறு, பழவேற்காடு பக்கம் களப்பணி பாத்தேன். கிளைமேட் மாறுது, ஆறும் ஏரியும் அதை எப்படித் தாங்கும்னு பாக்குற ப்ராஜெக்ட், ஆபீஸ் சென்னையில. காலையில சென்ட்ரல்ல கும்மிடிப்பூண்டி ட்ரெயின் புடிச்சு பொன்னேரில இறங்கி அங்கேர்ந்து பஸ்.

முதல் மாசமே ஆபீஸ்ல மேப் போட்டுட்டோம். அதுல ஆரணியாறு ஊத்துக்கோட்டையில தொடங்குச்சு. அதுக்கு மேல வெள்ளைப் பேப்பர். எங்க கையில இருந்த டேட்டா தமிழ்நாட்டு எல்லையோட முடிஞ்சுது, ஆறும் அங்கதான் ஆரம்பிக்குதுங்கிற மாதிரி வரைஞ்சுட்டோம், அப்ப யாருக்கும் அது தப்பாவே தோணல. நிஜத்துல அது ஆந்திரா மலையில இருந்து வருது, அங்கயே இருக்குற பிச்சாட்டூர் டேம் தாண்டி, சுருட்டப்பள்ளி கோயில் ஓரமா ஓடி, அப்புறம்தான் ஊத்துக்கோட்டை. கடைசில சேர்ற பழவேற்காடு ஏரியும் பெரும்பங்கு ஆந்திராவுலதான் கெடக்கு.

அந்த மேப்ப எடுத்துட்டுப் போய் பழவேற்காட்டுல ஒரு பெரியவர்கிட்ட காட்டினேன், அம்பது வருஷமா ஏரியில வலை போடுறவர். கொஞ்ச நேரம் பாத்துட்டு, "ஏம்மா, தண்ணி எங்கேர்ந்து வருதுன்னே இதுல இல்லையே" ன்னாரு. எனக்கு ஒரு மாதிரி ஆயிடுச்சு.

அவர்தான் முகத்துவாரம், அதாவது ஏரி கடல்ல சேர்ற வாய், அது கதைய சொன்னாரு. கடல் ஓயாம மணலத் தள்ளிக்கிட்டே இருக்கும், ஐப்பசி கார்த்திகையில ஆத்து வெள்ளம் உள்ள இருந்து முட்டி அந்த மணல ஒடைச்சு வாயத் தொறக்கும், அந்த வாய் வழியாதான் கடல்ல பொறந்த வெள்ளை இறால் குஞ்சு ஏரிக்குள்ள வந்து வளரும். மழை பொய்ச்ச வருஷம் வாய் தூந்துடும், வெயில்ல தண்ணி வத்தி உப்பு ஏறிடும், வலையில ஒண்ணும் இருக்காது, படகும் கடலுக்குப் போக முடியாது. மிஷின் வச்சு மணல் அள்ளினாலும் உள்ள இருந்து தள்ள தண்ணி வேணும்ல.

இத கேட்டப்பதான் புரிஞ்சுது. நாங்க ரிப்போர்ட் முழுக்க வெள்ளத்த ஆபத்துன்னு மட்டும் எழுதி வச்சிருந்தோம். ஊத்துக்கோட்டை ஆளுங்களுக்கு அது ஆபத்துதான், அப்பல்லாம் டேம் தொறந்தா தரைப்பாலம் மூழ்கிடும், பிள்ளைங்க ஸ்கூலுக்குப் போக முடியாம இருந்துச்சு. ஆனா அதே தண்ணி கீழ இருக்குற ஒரு ஏரிக்கு மூச்சு. இப்பல்லாம் மழை நெறைய நாள் பரவலா பெய்யாம சில நாள்ல மொத்தமா கொட்டிட்டு போயிடுது, அதனால டேம்ல இருந்து எப்ப எவ்ளோ விடுறாங்கங்கிறது முன்ன விட இப்ப ரொம்ப முக்கியம். ஒரே ராத்திரில எல்லாத்தையும் தொறந்து விடுறதும் கொஞ்சம் கொஞ்சமா விடுறதும் ஆத்துக்கு ஒண்ணு கெடையாது. இதை மேல இருக்குற மாநிலமும் கீழ இருக்குற மாநிலமும் ஒண்ணா உக்காந்து பேசுனாதான் ஆகும், இங்க மட்டும் எவ்ளோ கரை கட்டினாலும் பாதி வேலைதான்.

திரும்பி வந்து மேப்ப மாத்தணும்னு சொன்னேன். எங்க வேலை தமிழ்நாட்டோட முடியுது, டேட்டாவும் கெடைக்காதுன்னாங்க, நான் விடல. கூட வேலை பாத்த தெலுங்கு தெரிஞ்ச பொண்ண கூட்டிட்டு பிச்சாட்டூர் போனோம். டேம் பக்கத்துல டீக்கடை வச்சிருந்த அம்மா, கேட் தொறக்குற நாள்லாம் சொன்னாங்க, அவங்க நம்பர வாங்கிட்டு வந்தேன். நவம்பர்ல ஒரு நாள் அவங்ககிட்ட இருந்து போன், தண்ணி விடப் போறாங்களாம். ஒடனே ஊத்துக்கோட்டையில தெரிஞ்சவங்களுக்கு சொல்லிட்டு பழவேற்காட்டு பெரியவருக்கும் போட்டேன்.

அதுக்கப்புறம் மழை ஆரம்பிச்சா அவரே கூப்பிடுவாரு. நல்லாருக்கியான்னு கூட கேக்க மாட்டாரு, எடுத்ததும் "பிச்சாட்டூர் தொறந்தாச்சாம்மா?" தான்.