டிவி போர்டில் இருந்த அந்தத் தட்டைப் பெட்டி

பழைய பிஏஎல் முறை (கலர் ஒளிபரப்பு முறைகளில் ஒன்று) டிவி ஒன்றில் கலர் போய், கறுப்பு வெள்ளைப் படம் மட்டும் வந்தது. மூடியைக் கழற்றினேன், பெரிய கெப்பாசிட்டரில் தேங்கிய மின்சாரத்தை ரெசிஸ்டர் வழியாக இறக்கினேன். அவசரத்திலும் இதை விட்டுவிடாதீர்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அங்கே 300 வோல்ட்டுக்கு மேல்கூட நிற்கலாம்.

கலர் பகுதியில் எனக்கு அடையாளம் தெரியாதது ஒன்றுதான். தீப்பெட்டி போன்ற தட்டையான பிளாஸ்டிக் பெட்டி, நான்கு கால். மேலே 8412 என்று மட்டும் அச்சிட்டிருந்தது. அதைப் பாகத்தின் எண் என்று நம்பி இரண்டு இரவு தேடினேன், ஒன்றும் கிடைக்கவில்லை. பக்கத்து ஐசிகளில் பாக எண்ணுக்குக் கீழே 8409, 8411 என்று இருந்தது. அதைச் சேர்த்துப் பார்த்திருந்தால் அப்போதே தெரிந்திருக்கும்: 1984ஆம் ஆண்டு, 12ஆம் வாரம். அது தயாரித்த தேதி.

சரி, அளந்து பார்ப்போம் என்று பெட்டியைக் கழற்றிக் கால்களை ஜோடி ஜோடியாக மல்டிமீட்டரில் வைத்தேன். எதிலும் இணைப்பு இல்லை. செத்துப்போன பாகம் என்று முடிவு கட்டி, கத்தியால் மூடியை நெம்பினேன். உள்ளே மெல்லிய கண்ணாடித் தகடு. மூலை தெறித்துவிட்டது.

அது டிலே லைன். கலர் சிக்னலை ஒலி அலையாக மாற்றி, கண்ணாடிக்குள் பல முறை எதிரொலிக்க விட்டு, ஏறத்தாழ 64 மைக்ரோ செகண்ட், அதாவது திரையில் ஒரு கோடு வரையும் நேரம், தாமதித்துத் திருப்பித் தரும். ஓரங்களில் ஒட்டியிருப்பவை பீசோ துண்டுகள், மின் சிக்னலை அதிர்வாகவும் அதிர்வை மின் சிக்னலாகவும் மாற்றுபவை. மீட்டர் அனுப்பும் டிசி (ஒரே திசை மின்னோட்டம்) அவற்றில் ஓடாது. நல்ல டிலே லைனும் மீட்டரில் இணைப்பு இல்லை என்றே காட்டும். நன்றாக இருந்ததைத்தான் உடைத்திருக்கிறேன். இன்னும் மனசு ஆறவில்லை.

அதற்கப்புறம்தான் போர்டின் பின்பக்கத் தடங்களைத் தொடர்ந்து பார்த்தேன். பெட்டியின் உள்ளே போகும் முனையும் வெளியே வரும் முனையும் கலர் ஐசிக்கே போயின, அந்த ஐசியை ஒட்டி பிஏஎல் கலருக்கே உரிய 4.43 மெகாஹெர்ட்ஸ் கிரிஸ்டல். பெயர் தெரியாத பாகம் யாரோடு சேர்ந்திருக்கிறது என்று பார்த்தாலே பாதி விடை வந்துவிடும். கத்தியை எடுக்கும் முன் இதைச் செய்யுங்கள்.

உண்மையான கோளாறு அந்தக் கிரிஸ்டலின் காலில் இருந்த ட்ரை சால்டர், அதாவது சரியாகப் பிடிக்காத ஈய ஒட்டு. மறுபடி சால்டர் வைத்ததும் கலர் வந்தது, ஆனால் டிலே லைன் இல்லாததால் படம் முழுக்கக் குறுக்கே மெல்லிய பட்டைகள். கழித்துப் போட்ட இன்னொரு போர்டில் அதே மாதிரிப் பெட்டி கிடைத்தது. போட்டேன், பட்டைகள் குறைந்தன, போகவில்லை. பக்கத்தில் இருந்த பிரீசெட்டையும் (திருகி மாற்றும் சின்ன ரெசிஸ்டர்) சின்னக் காயிலையும் மாற்றி மாற்றி, மயிரிழை மயிரிழையாகத் திருப்பினேன். அரை மணி நேரத்தில் கடைசிப் பட்டையும் மறைந்து, சிவப்பு சிவப்பாகவே நின்றது.